கிளெமென்ட்டின் பொருத்தனையும் மாம்பழப் புகையும்

கடவுளிடம் பேசும்போது அளந்து பேச வேண்டும். கிளெமென்ட் அளக்கவில்லை. பின்னால் அவர் பட்ட பாடெல்லாம் அதனால் வந்ததுதான்.

விவேக் நகரில் 'கிளெமென்ட் சவுண்ட்ஸ்' என்றால் எல்லோருக்கும் தெரியும். ஞானஸ்நான விருந்து, கல்யாண ரிசப்ஷன், கணபதி உற்சவம், கன்னட ராஜ்யோத்சவம், எந்தக் கட்சிக் கூட்டமானாலும் சரி, மைக்கும் பாக்ஸும் அவருடையவைதான். அப்பா சின்னப்பா கோலார் தங்க வயலிலிருந்து வந்து ரேடியோ ரிப்பேர் கடை போட்டவர். மகன் அந்தக் கடையை ஒரு மினி டெம்போ நிறைய ஸ்பீக்கராக வளர்த்துவிட்டார். வேலை சுத்தம், சொன்ன நேரத்துக்கு வருவார், அவர் மைக் நடுவில் 'கூய்' என்று கூவாது. ஒரே குறை, வாயைத் திறந்தால் சிகரெட் நாற்றம். அதற்கும் அவரிடம் நியாயம் இருந்தது. மைக் செட்காரன் பிழைப்பில் முக்கால்வாசி காத்திருப்பதுதான். மதியமே போய் வயர் இழுத்து, 'ஹலோ ஹலோ' சொல்லிவிட்டு உட்கார்ந்தால், தலைவர் இருட்டிய பிறகு மாலையோடு வந்து இறங்குவார். அதுவரை ஒரு மனிதன் கையை வைத்துக்கொண்டு என்னதான் செய்வான்?

அவர் மனைவி ஜூடித் கோயில் பாடற்குழுவில் முன்வரிசைக்காரி. அவள் குரலுக்கு மைக் தேவையில்லை என்பது கிளெமென்ட்டின் தொழில்முறைக் கருத்து. அந்தக் குரலை அவள் சிகரெட்டுக்கு எதிராகவும் வருஷக்கணக்கில் பயன்படுத்தினாள். அவள் திட்டுவது பக்கத்துப் பேட்டை நீலசந்திரா வரைக்கும் கேட்கும் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். அதற்கெல்லாம் மசியாத கிளெமென்ட், அவள் கழுத்தில் ஒரு கட்டி கிளம்பியபோது ஆடிப்போனார்.

தைராய்டு கட்டி. எடுத்துப் பார்த்தால்தான் எப்படிப்பட்டது என்று தெரியும் என்றார்கள். ஆபரேஷன் தியேட்டர் கதவு மூடியதும் கிளெமென்ட்டால் அங்கே நிற்க முடியவில்லை. ஆட்டோ பிடித்துக் குழந்தை இயேசு கோயிலுக்கு ஓடினார். அன்று வியாழக்கிழமை. நவநாள் ஜெபத்துக்கு வந்த கூட்டம் நெருக்கித் தள்ளியது. வரிசையில் நகர்ந்து நகர்ந்து சொரூபத்துக்கு முன்னால் வந்து சேர்ந்தபோது பின்னால் ஒரு பாட்டியம்மா முதுகில் முழங்கையால் இடித்து, "சீக்கிரம் சொல்லிட்டு நகருப்பா" என்றாள். சாதாரண மனிதனாக இருந்தால் 'சிகரெட்டை விட்டுடறேன் சாமி' என்று சொல்லி முடித்திருப்பான். மேடைக்குப் பக்கத்திலேயே காலம் தள்ளியவருக்கு அப்படி மொட்டையாகச் சொல்ல வரவில்லை. "குழந்தை இயேசுவே, என் ஜூடிய முழுசா வீட்டுக்கு அனுப்பிடு. என் நெஞ்சைக் கெடுக்கற எதையும் இனிமே ஜென்மத்துக்கும் வாயில வைக்க மாட்டேன்" என்று சொல்லி மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டார்.

ஜூடித் முழுசாக வீட்டுக்கு வந்தாள். கட்டி கெட்ட கட்டி இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. கேட்டதைக் குழந்தை இயேசு தன் பக்கத்தில் நிறைவேற்றிவிட்டார். இனி கிளெமென்ட்டின் பக்கம்தான் பாக்கி.

அவர் ஒன்றும் ஏமாற்றுக்காரர் இல்லை. சிகரெட்டை அன்றே விட்டார். சோம்பு மென்றார், கிராம்பு மென்றார், பெப்பர்மிண்ட் தின்று தின்று சர்க்கரை ஏறி டாக்டரிடம் திட்டு வாங்கினார். பஜ்ஜி, போண்டா விஷயத்தில் மட்டும் கொஞ்ச நாள் குழப்பமாக இருந்தது. எண்ணெய்ப் பண்டம் நெஞ்சுக்குக் கெடுதல் என்று பேப்பரில் போடுகிறார்களே. பஜ்ஜி போவது வயிற்றுக்கு, நெஞ்சுக்கு அல்ல என்று தானே தீர்ப்பு எழுதிக்கொண்டார். கோயிலில் நேர்ந்துகொண்ட பொருத்தனையைப் பற்றி ஜூடித்திடம் மூச்சு விடவில்லை. தான் திட்டியதால்தான் மனிதர் திருந்தினார் என்று அவள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் குரல் பாதிதான் திரும்பி வந்திருந்தது. தேய்ந்த மெல்லிய குரல். பாடற்குழுவுக்குப் போவதை அவளாகவே நிறுத்திவிட்டாள். வீட்டில் திட்டினாலும் பக்கத்து அறைக்குக் கேட்பதில்லை. இத்தனை வருஷம் எந்தத் திட்டைக் காதில் வாங்காமல் இருந்தாரோ அதற்கு கிளெமென்ட் ஏங்கிப்போனார்.

இப்படி ஒரு வருஷம் ஓடியது. ஆசை மட்டும் ஓடவில்லை. அந்தச் சமயத்தில்தான் மாடி அறைக்கு தருண் குடிவந்தான். திண்டுக்கல்காரன், ஐ.டி. வேலை. நல்ல பிள்ளை, வாடகை தவறாது. ஒருநாள் தண்ணீர் டேங்கைப் பார்க்க மொட்டைமாடிக்குப் போன கிளெமென்ட், கையில் பேனா மாதிரி ஏதோ வைத்திருந்த தருண் வாயிலிருந்து வெள்ளை வெளேரென்று ஒரு மேகம் கிளம்புவதைக் கண்டார். மேகம் மாம்பழமாக மணத்தது.

"இன்னாப்பா அது?"

"வேப் அங்கிள். சிகரெட் இல்ல. இதுல எதுவும் எரியறதே இல்ல, தார் கிடையாது. வெறும் ஆவி. இட்லிப் பானையைத் திறந்தா வருமே, அது மாதிரி."

"அப்ப நெஞ்சு கெடாது?"

"சிகரெட்டுக்கு இது எவ்வளவோ மேல்னு ஸ்டடி இருக்கு அங்கிள். அனுப்பறேன்."

"இதுக்குத் தடை போட்டிருக்காங்களே."

"விக்கிறதுக்கு, வாங்கி வைக்கிறதுக்கு, எல்லாத்துக்கும் இருக்கு. சிகரெட்டை மட்டும் மூலைக்கு மூலை விக்கலாம்" என்று தருண் சலித்துக்கொண்டான். எங்கே வாங்கினாய் என்று கிளெமென்ட் கேட்கவில்லை. தெரிந்துகொண்டால் அதுவும் தன் பாவக் கணக்கில் சேரும் என்று பயம். ஒரே ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தார். கண்ணில் நீர் வந்தது. அது இருமலால் வந்ததா, சந்தோஷத்தால் வந்ததா என்று அவருக்கே தெரியவில்லை. தருண் தன்னிடம் இருந்த இன்னொன்றை அவருக்கே கொடுத்துவிட்டான்.

அன்றிலிருந்து நிம்மதி போயிற்று. 'சிகரெட்டை விடறேன்' என்று மட்டும் சொல்லியிருந்தால் இது சிகரெட் இல்லை என்று சாதித்துவிடலாம். 'நெஞ்சைக் கெடுக்கற எதையும்' என்றல்லவா சொல்லித் தொலைத்தார். ஆகவே இந்த மாம்பழ ஆவி நெஞ்சைக் கெடுக்குமா கெடுக்காதா என்பது அவருக்கு உலகத்திலேயே பெரிய கேள்வியாகிவிட்டது. கெடுக்காதென்றால் ஒரு கவலையும் இல்லை. கெடுக்குமென்றால் பொருத்தனை முறிந்தது. பொருத்தனை முறிந்தால் ஜூடித்தின் கழுத்தில் கட்டி திரும்பி வரும். இதில் அவருக்குத் துளியும் சந்தேகம் கிடையாது.

தருண் அனுப்பிய கட்டுரைகளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். இங்கிலாந்தில் ஒரு அரசு அமைப்பு, சிகரெட்டில் இருக்கும் கெடுதலில் இதில் தொண்ணூற்றைந்து சதவிகிதம் குறைவு என்று சொல்லியிருந்தது. கிளெமென்ட் அன்று இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டார். மறுநாள் வந்த கட்டுரையில், அந்தக் கணக்கே சரியில்லை, எங்கிருந்து எடுத்தீர்கள் என்று வேறு சில நிபுணர்கள் சண்டை பிடித்திருந்தார்கள். அமெரிக்காவில் வேப் பிடித்துப் பல பேருக்கு நுரையீரல் வெந்துபோனதாக ஒன்று வந்தது. அது பெரும்பாலும் கஞ்சாச் சாறு கலந்த கள்ளச் சரக்கால் வந்தது என்று அடுத்தது சொன்னது. படிக்கப் படிக்க அவருக்கு இருந்த கொஞ்சநஞ்சத் தெளிவும் போய்விட்டது.

நீலசந்திராவில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டரிடம், "தெரிஞ்சவர் ஒருத்தருக்கு" என்று ஆரம்பித்துக் கேட்டார். "சிகரெட்டைவிடக் கெடுதல் குறைவா இருக்கலாம். நல்லதுன்னு சொல்ல முடியாது. ரொம்ப வருஷம் பிடிச்சா என்ன ஆகும்னு இன்னும் யாருக்கும் தெரியாது" என்றார் டாக்டர். கோயிலில் ஃபாதரைப் பிடித்து, பொருத்தனையில் சொன்ன வார்த்தைக்கு யார் அர்த்தம் சொல்வது என்று கேட்டார். "எதைப் பத்திய பொருத்தனை?" என்றார் ஃபாதர். "உடம்பைப் பத்தி." "அப்ப டாக்டரைக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு ஃபாதர் பூசைக்குப் போய்விட்டார்.

கடைசியில் கிளெமென்ட் தாமே ஆராய்ச்சியில் இறங்கினார். ஆராய்ச்சி மிகவும் எளிது. மொட்டைமாடிக்குப் போய் நாலு இழுப்பு இழுக்க வேண்டியது, இறங்கி வந்து ஜூடித் இருமுகிறாளா என்று பார்க்க வேண்டியது. இருமாவிட்டால் குழந்தை இயேசுவுக்கு ஆட்சேபணை இல்லை என்று பொருள். ஒரு வாரம் முடிவுகள் திருப்திகரமாக இருந்தன. பிறகு அவள் யாரோ பிறந்தநாளில் ஐஸ்கிரீம் தின்றுவிட்டு வந்து லொக்குலொக்கென்று இருமினாள். கிளெமென்ட் வேப்பைக் கொண்டுபோய் ஓட்டை ஸ்பீக்கர் பாக்ஸுக்குள் போட்டு மூடினார். ஜூடித்தின் கழுத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னாங்க, புதுசா பாக்கற மாதிரி பாக்கறீங்க" என்றாள் அவள், கொஞ்சம் வெட்கத்தோடு. இருமல் நின்றதும் பாக்ஸை மறுபடி திறந்தார்.

இந்த நிலைமையில்தான் சீனிவாசராகவன் கடைக்கு வந்தார். அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று தலைமுறையாக மல்லேஸ்வரத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பம். ஏதோ குடிமக்கள் ஆரோக்கிய மன்றத்துக்குத் தலைவர். பேட்டை பேட்டையாகப் போய் மக்களுக்குப் புரிகிற மாதிரி ஒரு விவாதம் நடத்துவார்கள். இந்த மாசம் விவேக் நகர் முறை.

"தலைப்பு என்ன சார்?" என்று வழக்கம்போல பேனாவைத் திறந்தார் கிளெமென்ட். பேனர்காரரும் அவருக்கு வேண்டியவர்.

"எலெக்ட்ரானிக் சிகரெட் பாதுகாப்பானதா? டாக்டர் நிருபமா, நுரையீரல் ஸ்பெஷலிஸ்ட், கூடாதுன்னு பேசறா. புரொஃபசர் பத்ரிநாத், பப்ளிக் ஹெல்த் ஆராய்ச்சி பண்றவர், இவ்வளவு பயப்பட வேண்டாம்னு பேசறார். கடைசியில ஜனங்க கை தூக்கி ஓட்டுப் போடலாம். சிம்பிள் சவுண்ட் போதும்ப்பா."

கிளெமென்ட்டுக்கு உடம்பு சிலிர்த்தது. ஒரு கேள்விக்காக அவர் ஊரெல்லாம் அலைகிறார். பதிலே அவரைத் தேடி வந்து அட்வான்ஸ் கொடுக்கிறது. "சிம்பிள் சவுண்ட் எதுக்கு சார், நல்ல சவுண்டே போடறேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மண்டபம் நிறைந்தது. பெரிய பெரிய பாக்ஸ் நாலு வைத்திருந்தார். விஷயம் தெரியாமல் உள்ளே வந்தவர்கள் ஆர்கெஸ்ட்ரா என்று நினைத்து உட்கார்ந்தார்கள். பேச்சு தமிழில், நடுவே கன்னடம், நிறைய இங்கிலீஷ். கிளெமென்ட் பக்கவாட்டில், சத்தத்தை ஏற்றி இறக்கும் மிக்ஸர் முன்னால் உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் எந்த மேடைப் பேச்சையும் அவர் காதில் வாங்கியதில்லை. சத்தம் சரியாக வருகிறதா என்று மட்டும்தான் கவனிப்பார். இன்று முதல் தடவையாக ஒரு கூட்டத்தை மனசார கேட்டார்.

பத்ரிநாத் முதலில் எழுந்தார். "சிகரெட்ல ஆளைக் கொல்றது எரியற புகை. இதுல எரியறதே இல்ல. சிகரெட்டை விட முடியாம தவிக்கிறவங்களுக்கு, நிகோடின் சூயிங்கம்மைவிட இது நிறைய உதவுதுன்னு ஆராய்ச்சிகள் காட்டுது. சிகரெட்டைக் கடையில தொங்கவிட்டுட்டு, அதைவிடக் கெடுதல் குறைவானதை மட்டும் தடை பண்றது என்ன நியாயம்?" கிளெமென்ட்டுக்குக் கேட்கக் கேட்க நெஞ்சு குளிர்ந்தது. கை மிக்ஸரில் இருந்தது. புரொஃபசரின் குரலுக்குக் கொஞ்சம் கனம் போதாது என்று தோன்றியது. கொஞ்சம் ஏற்றினார். இன்னும் கொஞ்சம். லேசாக எக்கோவும் சேர்த்தார். மண்டபமே அதிர்ந்தது. மலைமேலிருந்து இறங்கிய வாக்கு மாதிரி பத்ரிநாத் பேசினார். தன் குரலைக் கேட்டு அவருக்கே பிரமிப்பாக இருந்தது.

பிறகு டாக்டர் நிருபமா எழுந்தார். "எரியலைன்னா சுத்தம்னு அர்த்தம் இல்ல. அந்த ஆவியில நிகோடின் இருக்கு, நுரையீரலுக்குப் போகக் கூடாத மத்த சமாசாரமும் இருக்கு. மாம்பழம், ஸ்ட்ராபெரின்னு வாசனை போட்டுக் குழந்தைகளைப் பிடிக்கிறாங்க. நிறைய பேர் சிகரெட்டையும் விடறதில்ல, இதையும் சேர்த்துப் பிடிக்கிறாங்க." மாம்பழம் என்ற சொல்லிலேயே கிளெமென்ட்டின் விரல் வழுக்கிவிட்டது. வேண்டுமென்று செய்தாரா என்று கேட்டால் குழந்தை இயேசு மேல் ஆணையாக இல்லை என்பார். டாக்டரம்மா நுரையீரல் என்று சொல்லச் சொல்ல, சத்தம் இறங்கிக்கொண்டே போனது. புற்றுநோய் என்று சொன்னபோது முதல் வரிசைக்குக்கூடக் கேட்கவில்லை.

"கேளிஸ்தில்லா சார்" என்று பின்னாலிருந்து ஒருவர், ஒன்றும் கேட்கவில்லை என்று கன்னடத்தில் கத்தினார். சீனிவாசராகவன் மேடையிலிருந்து கையை மேலே மேலே ஆட்டினார். கிளெமென்ட் தலையை ஆட்டிவிட்டு, பேட்டரி வீக் என்று சைகை காட்டினார். டாக்டரம்மா தொண்டை கிழியப் பேசினார். அறிவியல் பக்கம் யார் இருந்தார்களோ தெரியாது. மின்சாரம் முழுக்க பத்ரிநாத் பக்கம் இருந்தது. 'பாதுகாப்பானதுதான்' என்று ஜனங்கள் கை தூக்கப்போகிறார்கள், விவேக் நகரே சாட்சி, இதைவிடப் பெரிய தீர்ப்பு வேண்டுமா என்று கிளெமென்ட் மனசுக்குள் குழந்தை இயேசுவிடம் வாதாடிக்கொண்டிருந்தார்.

நடு வரிசையில் பாடற்குழுப் பெண்களோடு ஜூடித் உட்கார்ந்திருந்ததை அவர் கவனிக்கவில்லை. அவள் கவனித்தாள். அவள் கல்யாணம் பண்ணிக்கொண்டது மைக் செட்காரரை. பேட்டரி வீக்கானால் குரல் எப்படிக் கரகரக்கும், வால்யூமைக் குறைத்தால் எப்படி மங்கும் என்று அவளுக்குத் தெரியும். ஒரு டாக்டரம்மாவைத் தன் புருஷன் எதற்காக அமுக்குகிறார் என்று அவள் யோசித்தாள். குரல் இறங்க ஆரம்பித்தது டாக்டரம்மா மாம்பழம் என்றபோதுதான் என்பது நினைவுக்கு வந்தது. யோசனை முடிந்துவிட்டது.

கேள்வி நேரம் வந்ததும் முதல் கை அவளுடையது. கார்ட்லெஸ் மைக் அவளிடம் போனபோதுதான் கிளெமென்ட் பார்த்தார். பயப்பட வேண்டிய மனிதர், பயப்படவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு ஜூடித் மைக் முன்னால் நிற்பது இதுதான் முதல் தடவை. அவளுடைய தேய்ந்த குரல் நாலு பேர் முன்னால் தடுக்கிவிடக் கூடாது என்பது தவிர அவருக்கு வேறு எதுவும் ஓடவில்லை. கரகரப்பைக் குறைத்தார், கனம் சேர்த்தார், கூவாமல் எவ்வளவு ஏற்ற முடியுமோ அவ்வளவு ஏற்றினார். அந்தப் பழைய குரலில் முக்கால்வாசியைக் கொண்டுவந்துவிட்டார்.

"வணக்கம்" என்றாள் ஜூடித். மண்டபம் முழுக்கக் கேட்டது. பாடற்குழுப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "எங்க வீட்டுக்காரர் சிகரெட்டை விட்டு ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. சுத்தமா விட்டுட்டார். இப்ப கொஞ்ச நாளா அவர் சட்டையில மாம்பழ வாசனை வருது. எங்க வீட்ல மாம்பழம் வாங்கறதில்ல, அவருக்கு சர்க்கரை. இது அவருக்கு நல்லதா கெட்டதான்னு சொல்லணும். நல்லதுன்னு பேசினாரே, அந்த சாரே சொல்லட்டும்."

அவள் வீட்டுக்காரர் யார் என்று விவேக் நகருக்குத் தெரியாதா? மண்டபம் மொத்தமாகத் திரும்பி மிக்ஸரைப் பார்த்தது. கிளெமென்ட் குனிந்து ஒரு வயரைத் தேடினார். தேட வேண்டிய வயர் எதுவும் அங்கே இல்லை.

பத்ரிநாத்துக்கு இதெல்லாம் தெரியாது. நேர்மையான மனிதர், நேர்மையாகப் பதில் சொன்னார். "அம்மா, நான் இவ்வளவு நேரம் பேசினது சிகரெட்டை விட முடியாதவங்களுக்காக. உங்க வீட்டுக்காரர்தான் விட்டுட்டாரே. விட்டவருக்கு இதால ஒரு பிரயோஜனமும் கிடையாது. நெஞ்சுக்குக் கெடுதல்தான். இன்னைக்கே நிறுத்தச் சொல்லுங்க."

கிளெமென்ட் ஆசை ஆசையாக ஏற்றி வைத்திருந்த வால்யூமில், எக்கோவோடு, நாலு பாக்ஸிலிருந்தும் அது வந்தது. நெஞ்சுக்குக் கெடுதல்தான், கெடுதல்தான், தான். குழந்தை இயேசு நேரில் வந்து சொல்லியிருந்தால்கூட இவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்க மாட்டார். டாக்டர் நிருபமாவும் எழுந்து ஏதோ சொன்னார். உதடு அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை. "புரொஃபசர் சொன்னதைத்தான் மேடமும் சொல்றா. இந்த விஷயத்துல ரெண்டு பேருக்கும் சண்டையே இல்லையாம்" என்று சீனிவாசராகவன் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. பிறகு நடந்த ஓட்டில் யார் ஜெயித்தார்கள் என்று கிளெமென்ட் பார்க்கவில்லை.

கூட்டம் கலைந்தது. போகிற போக்கில் தெரிந்தவர்கள் இரண்டு பேர், "இன்னா கிளெமென்ட், சீசனுக்கு முன்னாடியே மாம்பழமா" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அவர் வயர் சுற்றிக்கொண்டிருந்தார். ஜூடித் வந்து பாக்ஸ் மேல் உட்கார்ந்தாள். மைக் இல்லாமல் அவள் குரல் மறுபடி மெலிந்துவிட்டது.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல?"

"உங்கிட்ட சொல்ல முடியாது ஜூடி."

"சிகரெட் பிடிச்சப்போ தைரியமா என் மூஞ்சிலயே ஊதுவீங்க. இதுக்கு மட்டும் இன்னா?"

கிளெமென்ட் வயரைக் கீழே வைத்தார். அவருக்கு அழுகை வந்துவிட்டது. ஆபரேஷன் அன்று ஓடியது, வரிசை, முழங்கையால் இடித்த பாட்டி, தான் சொன்ன வார்த்தை, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் கொட்டினார். இருமலை வைத்து நடத்திய ஆராய்ச்சியையும் சொன்னார். "நான் பொருத்தனையை ஒடைச்சிட்டேன் ஜூடி. புரொஃபசரே சொல்லிட்டாரு. உனக்கு மறுபடி கட்டி வந்துடும். என்னாலதான் வரப்போவுது."

அவர் கீழே வைத்த வயரை ஜூடித் எடுத்துச் சுற்ற ஆரம்பித்தாள். அவருக்குத் திட்டு விழும் என்று தோன்றியது. விழுந்தால் நன்றாக இருக்கும் என்றும் தோன்றியது.

"அப்ப நான் திட்டி நீங்க விடல" என்றாள்.

"இல்ல."

"ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கேன்." புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு ஒண்ணும் வராது. குழந்தை இயேசு என் கழுத்தைப் பிடிச்சி உங்களைத் தண்டிக்கிற ஆளு இல்ல. உங்களுக்குத்தான் வரும். அதைத்தான் மேடையில ரெண்டு பேரும் சேர்ந்து சொன்னாங்க. அப்படி உங்களுக்கு ஏதாவது வந்தா, நான் கோயில்ல போயி எதை விடறேன்னு நேந்துக்கறது? எனக்கு விடறதுக்கு ஒரு கெட்ட பழக்கம்கூட இல்ல. நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க."

கிளெமென்ட் சட்டைப் பையிலிருந்து அதை எடுத்து அவள் கையில் வைத்தார். அவள் அதை மோந்து பார்த்தாள், முகத்தைச் சுளித்தாள், கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். இந்த மனுஷி இல்லாமல் தான் ஒருநாள்கூட இருக்க முடியாது என்று அவருக்குத் தெரியும். தான் இல்லாமல் அவளாலும் முடியாது என்பது அவருக்கு இதுவரை உறைக்கவே இல்லை. வாசலில் டெம்போக்காரர் ஹாரன் அடித்தார். ஜூடித் எழுந்து பாக்ஸின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள், அவர் மறுபக்கத்தைப் பிடித்தார்.

"மெதுவா, உங்களுக்கு மூச்சு வாங்குது பாருங்க" என்றாள் அவள்.